72.5 கிலோ: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், துடுப்புப் படகு வலிக்கும் வீரர் ஒருவர் சைக்கிளோட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனதைப் பற்றி நான்கு வரித் துணுக்கு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சுங்கை சிப்புட் நகரத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் கட்டாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் கூடப் பந்தயப் படகைக் கண்ணால் பார்த்திராத ஊரிலிருந்து இத்தனை கேள்விகள் வந்ததால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டுக்குள் உட்கார்ந்து சைக்கிள் மிதித்து ஒருவர் உலகச் சாம்பியன் ஆனார் என்று எழுதியிருந்தீர்கள். இதை வைத்து எங்கள் ஒட்டுக்கடையில் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. அவர் உண்மையான விளையாட்டாளரா, அல்லது கணினி விளையாட்டில் கெட்டிக்காரரா?
*– இளைஞர் ஒருவர், லிந்தாங் சாலை, சுங்கை சிப்புட்*

பதில்: உண்மையான விளையாட்டாளர்தான், தம்பி, அதுவும் அசலான வகை. அவர் பெயர் ஜேசன் ஆஸ்போர்ன். 1994இல் பிறந்தவர், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரர். துடுப்புப் படகில் குறைந்த எடைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவில், ஒருவர் மட்டும் அமர்ந்து இரண்டு துடுப்புகளை வலிக்கும் ஒற்றையர் போட்டியில், 2018இல் பல்கேரியாவின் புளோவ்டிவ் நகரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜொனாதன் ரொம்மெல்மன் என்பவருடன் சேர்ந்து இரட்டையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அயர்லாந்தின் பால் ஓடொனவன், ஃபின்டன் மெக்கார்த்தி இணையிடம் அவர்கள் தங்கத்தை விட்டது ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில்.

உங்கள் ஒட்டுக்கடை வாக்குவாதத்துக்குக் காரணமான போட்டி அந்த ஒலிம்பிக்கிற்கு முன்பே, 2020 டிசம்பரில் நடந்தது. கோவிட் காலம் அது. சைக்கிளோட்ட உலகக் கூட்டமைப்பான யூ.சி.ஐ., ஸ்விஃப்ட் என்னும் இணையத் தளத்தில் மின்விளையாட்டுச் சைக்கிளோட்டத்துக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. வீரர்கள் அவரவர் இருப்பிடத்திலேயே, பின்சக்கரம் கழற்றப்பட்ட சைக்கிளை டிரெய்னர் என்ற எதிர்விசைக் கருவியில் பொருத்தி மிதித்தார்கள். திரையில் அவர்களுடைய உருவங்கள் கற்பனைச் சாலையில் 50 கிலோமீட்டர் ஓடின. விரலால் பொத்தானை அழுத்தி வண்டியை நகர்த்தும் வேலை அதில் இல்லை. காலால் எத்தனை வாட் ஆற்றல் கொடுக்கிறீர்களோ அதை உங்கள் உடல் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் திரையிலுள்ள உருவம் வேகம் பெறும். தொழில்முறைச் சாலை வீரர்கள் பலரும் அதில் கலந்துகொண்டார்கள். முடிவில் இருந்த ஏற்றத்தில் அவர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தவர், அப்போது எந்தத் தொழில்முறைச் சைக்கிள் அணியிலும் இல்லாத இந்தப் படகு வீரர். எனவே உங்கள் கடையில் "உண்மை" என்று சாதித்தவருக்கு ஒரு தேத்தாரே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: வீட்டில் தனியாக மிதித்தால் எடையைக் குறைத்துச் சொல்லி ஏமாற்ற முடியாதா? மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒரு பந்தயமா?
*– பணி ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி, ஹீவூட்*

பதில்: ஏமாற்ற முயன்றவர்கள் உண்டு; இணையப் பந்தயங்களில் தில்லுமுல்லு செய்து பட்டம் பறிக்கப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் உலகப் போட்டிக்கு வரும் வீரர்கள் பந்தயத்துக்கு முன் தராசில் ஏறி நிற்பதைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், உயரத்தையும் நிரூபிக்க வேண்டும், மிதித்த ஆற்றலை இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்து காட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. இதில் எனக்குப் பிடித்த ஒரு விசித்திரம் இருக்கிறது. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவரை எந்த நடுவரும் எடை போடுவதில்லை. திரையில் ஓட்டுகிறவர்தான் தராசில் நின்றாக வேண்டும். வாலிபப் பருவம் முழுவதும் பந்தயத்துக்கு முன்னால் தராசில் நின்று பழகிய ஒருவர், இந்தப் புதிய விளையாட்டுக்கு வந்தபோது அந்தச் சடங்கை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. 2024 அக்டோபரில் இதே உலகப் போட்டியின் இறுதிச் சுற்றை, மைவூஷ் என்ற வேறொரு தளத்தைப் பயன்படுத்தி, எல்லா வீரர்களையும் அபுதாபிக்கு வரவழைத்து நேரடியாக நடத்தினார்கள். வீட்டுச் சுவர் மறைப்பு அங்கே கிடையாது. அதிலும் ஆஸ்போர்னே வென்றார்.

மின்விசிறியைப் பற்றிக் கேட்டீர்கள். அது சொகுசுக்காக அல்ல, ஐயா. சாலையில் ஓடும்போது வீசும் காற்று உடலைக் குளிர்விக்கும். அறைக்குள் அந்தக் காற்று கிடையாது. விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் முழுவேகத்தில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு, தரையில் தேங்கும் வியர்வையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். ஒல்லியான உடம்பு, நன்றாக ஓடுவான், தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறான். "குறைந்த எடைப் பிரிவு" என்பதைப் படித்ததிலிருந்து படகு வலிக்கப் போகிறேன் என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டான். அந்தப் பிரிவைப் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள். முடிந்தால் அவனுக்கும் இரண்டு வார்த்தை எழுதுங்கள்.
*– ஒரு தாயார், சுங்கை சிப்புட்*

பதில்: முதலில் தம்பிக்கு: தட்டில் உள்ள சோற்றை முழுதாகச் சாப்பிடு. மீதியை அம்மாவுக்கு எழுதுகிறேன், அருகில் உட்கார்ந்து படி.

துடுப்புப் படகில் உயரமும் நீண்ட கைகால்களும் பெரிய சொத்து. ஒவ்வொரு வலிப்பிலும் துடுப்பு நீருக்குள் கடக்கும் தூரம் அதனால் கூடுகிறது. எடை வரம்பில்லாத திறந்த பிரிவில் வெல்லும் ஆண்கள் பெரும்பாலும் ஆறடிக்கு மேல் உயரமும் 90 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர்கள். அப்படியானால் நடுத்தர உடல்வாகு கொண்டவர்களுக்கும், அத்தகைய மக்கள் மிகுந்த நாடுகளுக்கும் இந்த விளையாட்டில் என்ன இடம் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகத்தான் குறைந்த எடைப் பிரிவு வந்தது. உலகப் போட்டியில் ஆண்களுக்கு 1974 முதலும், ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டா முதலும் அது நடந்தது. ஆண்களில் எவரும் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கும் படகில் சராசரி 70 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பெண்களுக்கு இந்த எல்லைகள் 59, 57 கிலோ.

கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? நடைமுறை வேறு. இயல்பிலேயே 70 கிலோ உள்ளவர்களுக்காக உருவான பிரிவில், 76 அல்லது 77 கிலோ உள்ள உயரமானவர்கள் உடம்பை வற்ற வைத்துக்கொண்டு நுழைந்தார்கள். பந்தயத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் தராசில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலையை மனக்கண்ணில் பாருங்கள். முந்தைய நாளிலிருந்து தண்ணீரை அளந்து குடித்தவர்கள், பனியன் அணிந்து வரிசையில் நிற்கிறார்கள். சிலர் கனத்த உடைகளைப் போட்டுக்கொண்டு ஓடி, கடைசி இருநூறு கிராமை வியர்வையாக வெளியேற்றிவிட்டு வருகிறார்கள். தராசு சரியென்றதும் ஓரமாகப் போய் உப்புக் கலந்த நீரும் சோறும் ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் 2000 மீட்டர் தூரத்தை ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடக்க வேண்டும். முதிர்ந்த வீரர்கள் மருத்துவரையும் உணவியலாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் இந்த வேலையை, வளரும் பிள்ளை ஒருவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தானாகத் தொடங்குவது ஆபத்து. எலும்பு, தசை, உயரம் எல்லாம் அந்த வயதில்தான் உருவாகின்றன. பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான உலக இளையோர் போட்டியில் குறைந்த எடைப் பிரிவே வைக்கப்படவில்லை என்பதையும் தம்பி கவனிக்கட்டும்.

இன்னொரு செய்தி அவனுக்கு வருத்தம் தரலாம். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு 2024 பாரிசோடு முடிந்துவிட்டது. கடைசித் தங்கங்களை ஆண்களில் அதே ஓடொனவன்–மெக்கார்த்தி இணையும், பெண்களில் பிரிட்டனின் எமிலி கிரெய்க்–இமோஜென் கிராண்ட் இணையும் எடுத்துச் சென்றார்கள். (பின்னவர்கள் தோக்கியோவில் வெண்கலத்தை 0.01 விநாடியில் தவறவிட்டவர்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்து தங்கமாகவே வாங்கினார்கள்.) 2028 லாஸ் ஏஞ்சல்சில் அந்த இடத்தைக் கடற்கரையில் நடக்கும் குறுந்தொலைவுத் துடுப்புப் படகுப் போட்டி பிடித்துக்கொள்கிறது. 72 கிலோ எடையும் 90 கிலோ மனிதனின் நுரையீரலும் கொண்ட ஒரு வீரர் இனி எங்கே போவார்? என் கணிப்பில் அவருக்கு மிக இயல்பான இடம் சைக்கிள்தான். ஆஸ்போர்ன் அந்தக் கதவு மூடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்.

கேள்வி: படகு கையால் வலிப்பது, சைக்கிள் காலால் மிதிப்பது. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் எப்படிச் சிறக்க முடியும்?
*– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்*

பதில்: நம் ஊர் சம்பான் படகை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பந்தயப் படகில் இருக்கை, தண்டவாளம் போன்ற தடத்தில் முன்னும் பின்னும் உருளும். பாதங்கள் பலகையில் கட்டப்பட்ட காலணிகளுக்குள் இருக்கும். வலிப்பவர் முழங்கால்கள் மார்பைத் தொடும் அளவுக்கு மடங்கி முன்னே வந்து, துடுப்பின் அலகை நீரில் இறக்கியவுடன் முதலில் செய்வது கால்களால் பலகையை உதைத்துத் தள்ளுவதுதான். கால் நீண்ட பிறகு முதுகு சாயும். அதன் பிறகே கை மடங்கும். படகை நகர்த்தும் விசையில் பெரும்பங்கு தொடைகளிலிருந்தே வருகிறது. ஒரு பந்தயத்தில் இப்படி ஏறத்தாழ 230 முறை.

அதோடு, இரண்டு விளையாட்டிலும் உட்கார்ந்துகொண்டுதான் உழைக்கிறோம்; பாதம் தரையில் மோதுவதில்லை. அதனால் மூட்டுகளுக்குச் சேதமில்லாமல் நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் பயிற்சி செய்யலாம். முதுகுவலியோ விலா எலும்புக் கீறலோ வந்த படகு வீரர்களைப் பயிற்றுநர்கள் சைக்கிளில் ஏற்றிவிடுவது நெடுநாள் வழக்கம். பலர் தங்களுக்குள் ஒரு சைக்கிள் வீரன் இருப்பதை அப்படித்தான் கண்டுகொள்கிறார்கள்.

எடையும் இங்கேதான் வேலை செய்கிறது. ஒரு கணக்குப் போடுங்கள், மாணவர்களுக்கும் கொடுக்கலாம். 95 கிலோ வீரர் தொடர்ந்து 430 வாட் ஆற்றல் தருகிறார். 72 கிலோ வீரர் 360 வாட்தான் தருகிறார். சமதளத்தில் முதலாமவர் பலசாலி. ஆனால் கிலோவுக்கு எத்தனை வாட் என்று வகுத்தால் முதலாமவருக்கு 4.5, இரண்டாமவருக்கு 5. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் இருவரையும் விட்டால் மெலிந்தவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். படகில் தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது; மலையில் ஒவ்வொரு கிலோவையும் கால்தான் சுமக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் உலகப் படகுச் சாம்பியன்கள் எல்லாரும் சைக்கிளுக்கு வந்து வென்றுவிட வேண்டுமே? ஏன் அப்படி நடக்கவில்லை?
*– சைக்கிள் கடைக்காரர், சுங்கை சிப்புட்*

பதில்: கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையது, தொழில் தெரிந்தவர் என்பது புரிகிறது.

படகுப் பந்தயத்தில் ஒவ்வொரு படகுக்கும் தனித் தடம் உண்டு. யாரும் யாரையும் இடிப்பதில்லை. வலிப்பவர் பின்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பதால், முந்திக்கொண்டிருப்பவரின் கண் முன்னால்தான் எதிரிகள் எல்லாரும் இருப்பார்கள். ஆறு நிமிடத்தில் இருப்பதையெல்லாம் கொடுத்து முடித்துவிடலாம். சாலைச் சைக்கிளோட்டமோ ஐந்து மணி நேரம், சில நாட்களில் 200 கிலோமீட்டருக்கு மேல். நூற்றைம்பது பேர் ஒரே சாலையில், கைப்பிடி கைப்பிடியோடு உரசப் போகிறார்கள். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட ஆற்றல் மிச்சமாகும். அந்த இடத்தைப் பிடிக்க முடியாதவர், எவ்வளவு பலம் இருந்தாலும், மலை தொடங்கும் முன்பே பாதி வற்றிப்போவார். மழையில் நனைந்த வளைவில் எங்கே பிரேக்கை விட வேண்டும், எந்த வீரர் உண்மையிலேயே தாக்குகிறார், எவர் பாசாங்கு செய்கிறார் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்து ஓட்டியவர்களுக்கு உடம்பில் ஊறியிருக்கும். 27 வயதில் வருகிறவர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். தோக்கியோவுக்குப் பிறகு ஆஸ்போர்ன் 2022இல் அல்பெசின் அணியில் சேர்ந்தார். மாத்தியு வான் டெர் பூல் போன்ற நட்சத்திரங்கள் உள்ள அணி அது. 2020, 2024 ஆண்டுகளின் இரண்டு சைக்கிள் உலகப் பட்டங்களையும் அவர் வென்ற களம் சாலை அல்ல, கூட்ட உரசலும் இறக்கத்தில் விழும் ஆபத்தும் இல்லாத திரை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எஞ்சின் படகிலிருந்து சைக்கிளுக்கு அப்படியே இடம் மாறும். ஓட்டத் தெரிந்த கை மாறாது.

இதனால்தான் படகிலிருந்து வந்து வென்றவர்களைப் பெரும்பாலும் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டிகளில் பார்க்கிறோம். பிரிட்டனின் ரெபெக்கா ரொமேரோ 2004 ஏதென்சில் நால்வர் படகில் வெள்ளி வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெய்ஜிங்கில் உள்ளரங்கத் தடத்தில் தனிநபர் துரத்தல் போட்டியில் தங்கம் வென்றார். நியூசிலாந்தின் ஹாமிஷ் பாண்ட், எரிக் மர்ரியுடன் 2012, 2016 இரண்டு ஒலிம்பிக்கிலும் படகுத் தங்கம் எடுத்துவிட்டுச் சைக்கிளுக்கு வந்து, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் நேரச் சோதனை ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். பிறகு மனம் மாறிப் படகுக்கே திரும்பி, தோக்கியோவில் எண்மர் படகில் மூன்றாவது தங்கத்தையும் வாங்கினார். இவர்கள் இருவரும் குறைந்த எடைப் பிரிவினர் அல்லர். அந்தப் பிரிவிலிருந்து வந்து சாலையில் நெடுநாள் பிழைத்தவர் என்றால் ஆஸ்திரேலியாவின் கேமரன் வர்ஃபைச் சொல்ல வேண்டும். 2004 ஏதென்சில் குறைந்த எடை இரட்டையரில் கலந்துகொண்டவர், தொழில்முறைச் சைக்கிள் வீரராகிக் கெனன்டேல் அணியில் ஓட்டினார், அங்கிருந்து நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிக்குப் போய் 2018இல் ஹவாயில் சைக்கிள் பகுதியின் சாதனையை முறியடித்தார், 2020இல் இனியோஸ் அணி வழியாகச் சாலைக்கே திரும்பினார். ஒரே இடத்தில் உட்கார முடியாத ஆள் போலும்.

கேள்வி: எங்கள் காலத்தில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் சைக்கிள் மிதித்தோம். எங்களில் ஒரு சாம்பியனும் வரவில்லையே?
*– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

பதில்: வந்தார்களே, ஐயா! மு. குமரேசன் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். சீ விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்று, ஒலிம்பிக்கிலும் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியவர். உங்கள் வாளியில் இருந்த எடையைப் பந்தயத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் குறை.

கேள்வி: எங்கள் ஊரில் பந்தயப் படகும் இல்லை, சைக்கிள் பந்தயத் தடமான வெலோட்ரோமும் இல்லை. ஆர்வமுள்ள பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது?
*– இளைஞர் மன்றப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்*

பதில்: படகு இல்லாவிட்டாலும் எர்கோமீட்டர் என்ற படகு வலிக்கும் இயந்திரம் இப்போது பல உடற்பயிற்சி நிலையங்களில் இருக்கிறது. மன்றத்துக்குப் பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தாலும் போதும். 2000 மீட்டர் வலிக்க எடுத்த நேரத்தைப் பிள்ளையின் பெயரோடு எழுதி வையுங்கள், எடையை எழுத வேண்டாம். யாரிடம் பெரிய மூச்சு இருக்கிறது என்பதை அந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும். முறையாகத் தண்ணீரில் இறங்குவதற்குப் புத்ராஜெயா ஏரியில் நீர் விளையாட்டு வளாகம் உண்டு.

சைக்கிளுக்கு ஈப்போவில் திறந்தவெளி வெலோட்ரோம் இருக்கிறது. நீலாயில் மரத்தடம் கொண்ட தேசிய வெலோட்ரோம் இருக்கிறது. உடம்பு சிறியதே என்று தயங்கும் பிள்ளைகளிடம் டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங்கைப் பற்றிச் சொல்லுங்கள். அவருடைய உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு. தன்னைவிட மிகப் பருத்தவர்களோடு மோதும் கெய்ரின் என்ற சைக்கிள் தடப் போட்டியில் 2017இல் உலகச் சாம்பியன், ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி.

விலையுயர்ந்த சைக்கிளை முதலிலேயே வாங்க வேண்டாம். சட்டத்தின் அளவு உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலே கேள்வி கேட்டிருக்கும் உங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரே அளந்து சொல்வார் என்று நம்புகிறேன். காசு மிச்சம் இருந்தால் தரமான தலைக்கவசமும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் வாங்குங்கள். குழுவாக ஓட்டப் பழகுவதற்குத் தோட்டத்து உள்சாலைகள் நல்ல இடம், ஆனால் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போங்கள்.